குடோன் ஃபோர்க்லிஃப்ட்: தினமும் பத்து நிமிடம் குனிந்து பாருங்கள்

ஆயுத பூஜை அன்று ஓரகடம் பக்கம் எந்தக் குடோனுக்குப் போனாலும் ஃபோர்க்லிஃப்ட்டுகள் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். தண்ணீர் அடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாஸ்ட்டில் (சரக்கு ஏறி இறங்கும் முன்பக்க இரட்டைத் தூண்) மாலை போட்டு, இரண்டு தூணிலும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எனக்கு அந்த நாள் பிடிக்கும், பக்தி மட்டும் காரணம் இல்லை. வருடம் முழுக்க அழுக்குக்குள் ஒளிந்திருந்த கசிவும் விரிசலும் அன்றைக்குத்தான் வெளியே வரும். பல வருடம் முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் பூஜைக்கு முந்தின நாள் ஃபோர்க்கை, அதாவது சரக்கைத் தாங்கும் இரும்புக் கரத்தை, துடைத்துக்கொண்டிருந்த ஹெல்பர் பையன், "அண்ணே, இங்க ஒரு கோடு மாதிரி இருக்கு" என்றான். ஃபோர்க் மடங்கும் இடத்தில், உள்பக்கம், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விரிசல். அந்த வண்டி அன்று காலைவரை மூன்றாவது ரேக்குக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. முந்தைய மூன்று மாத செக் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபோர்க் என்ற வரிசையில் ஒரு நாள் விடாமல் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டது என்று குழந்தைக்கும் தெரியும்.

அதனால் இதைத் தாளில் டிக் போடுவதற்கான பட்டியலாக எழுதவில்லை. எங்கே குனிய வேண்டும், எதைத் தொட வேண்டும், எந்த அளவு வந்தால் கழற்றிப் போட வேண்டும் என்பதைச் சொல்கிறேன். என் கையில் அதிகம் புழங்கியது மூன்று டன் டீசல் வண்டியும் இரண்டு டன் பேட்டரி வண்டியும்தான். ரீச் டிரக், ஸ்டாக்கர் (குறுகலான இடத்தில் ரேக்கில் சரக்கு அடுக்கும் வண்டிகள்) வைத்திருப்பவர்களுக்கும் பேட்டரி, செயின், ஃபோர்க் பற்றிச் சொல்வது அப்படியே பொருந்தும்.

சாவி போடும் முன்

முதலில் தரையைப் பாருங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை அடியில் விரித்துவிடச் சொல்வேன், குடோனில் அட்டைக்கா பஞ்சம். காலையில் அந்த அட்டையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தேன் நிறத்தில் ஈரம் இருந்தால் பெரும்பாலும் ஹைட்ராலிக் ஆயில், கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில், சிவப்பாக இருந்தால் டிரான்ஸ்மிஷன் ஆயிலாக இருக்கலாம், பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ தண்ணீர் பதத்தில் இருந்தால் கூலன்ட். முன் சக்கரத்துக்கு உள்பக்கமாகச் சொட்டியிருந்தால் அது பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம், என்ன என்று தெரியும்வரை அந்த வண்டி நகரக் கூடாது.

அப்புறம் கோயிலைச் சுற்றுவது போல வண்டியை ஒரு சுற்று. டயரில் ஆணி, ஸ்ட்ராப்பிங் பட்டை, வெட்டு. வீல் நட்டில் ஏதாவது துருக்கோடு இறங்கியிருக்கிறதா (நட்டைச் சுற்றித் துரு வழிந்திருந்தால் அது தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம்). ஃபோர்க்கைக் காரியேஜில் (ஃபோர்க் மாட்டியிருக்கும் சட்டம்) நிறுத்தும் லாக் பின் இரண்டும் அதன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா. மாஸ்ட்டில் ஃபோர்க்கைத் தூக்கும் செயின் இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா, கையுறை போட்ட கையால் அழுத்திப் பாருங்கள், ஒன்று விறைப்பாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். ஹோஸ்களில் வெடிப்பு, உப்பல், ஒன்றோடொன்று உரசின தடம். ஓவர்ஹெட் கார்டு (ஓட்டுபவர் தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூண்டு) வளைந்திருக்கிறதா. என்ஜின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில், பிரேக் ஆயில் மட்டம். பேட்டரி வண்டியானால் கேபிள், கனெக்டர்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டு ஸ்டார்ட் செய்வது. ஹாரன், ரிவர்ஸ் பஸ்ஸர், விளக்கு. லோடு இல்லாமல் மாஸ்ட்டை மேல்வரை ஏற்றி இறக்குங்கள், முன்னும் பின்னும் டில்ட் செய்யுங்கள், காதையும் திறந்து வைத்திருங்கள். மெதுவாக நகர்த்தி பிரேக் மிதியுங்கள், பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் லைனில் காற்றோ கசிவோ இருக்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். பழகிய கைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் ஃபோர்க்லிஃப்ட்டை ஒவ்வொரு நாளும் வேலைக்கு எடுக்கும் முன் பார்க்க வேண்டும், இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் வண்டியானால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்தும் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கும் அது நல்ல கணக்குதான்.

செக் ஷீட் பற்றி ஒன்று. நம் பக்கத்துக் குடோன்களில் பாதி ஆபரேட்டர்கள் பீகார், ஒடிசாப் பையன்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் நாற்பது வரி அச்சடித்த தாளைக் கொடுத்தால் டிக்தான் வரும், வேறென்ன வரும். பன்னிரண்டு பதினைந்து வரி போதும், தமிழிலும் இந்தியிலும், பக்கத்தில் படம். முக்கியமாக, சில வரிகளில் டிக்குக்குப் பதில் ஒரு எண் எழுத வையுங்கள்: ஹவர் மீட்டர் (வண்டி ஓடிய மணியைக் காட்டுவது) எவ்வளவு, பேட்டரி எத்தனை சதவீதம். எண்ணைப் பார்க்காமல் எழுத முடியாது, எழுதினாலும் அடுத்த நாள் மாட்டிக்கொள்வான்.

ஃபோர்க்

ஃபோர்க் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. தரையில் உரசி உரசி அடிப்பக்கம் தேயும், அதிலும் எல் வடிவில் மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அதிகம். அந்த இடத்தை ஹீல் என்பார்கள். மொத்த எடையும் அங்கேதான் விழுகிறது. கணக்கு இதுதான்: முதலில் இருந்த தடிமனில் 10 சதவீதம் தேய்ந்துவிட்டால் ஃபோர்க் முடிந்தது. 40 மி.மீ. ஃபோர்க் 36 மி.மீ. ஆனால் கழற்று. "நாலு மில்லி தானே சார்" என்பார்கள். அந்த நாலு மில்லியில் தாங்கும் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, வண்டி எவ்வளவு தூக்கலாம் என்று எழுதிய பிளேட்டில் மூன்று டன் என்று இருக்கும், ஃபோர்க்குக்கு அது தெரியாது.

முதல் தடிமன் எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் பகுதி தரையில் உரசுவதில்லை, அதனால் தேய்வதும் இல்லை. வெர்னியரை அங்கே வைத்து அளந்துகொண்டு, பிறகு ஹீலில் அளந்து ஒப்பிடுங்கள். மாதம் ஒரு தடவை போதும்.

அடுத்தது நுனி உயரம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மாஸ்ட்டை நேராக வைத்து, இரண்டு நுனியும் தரையிலிருந்து எவ்வளவு என்று டேப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் ஃபோர்க் நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1070 மி.மீ. ஃபோர்க்கில் அது சுமார் 32 மி.மீ. தாண்டினால் ஒன்று வளைந்திருக்கிறது, பாலெட்டைக் (சரக்கு அடுக்கும் தட்டு) கோணலாகத் தூக்கி ஒரே ஃபோர்க்கில் எடை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மடிப்பின் கோணம் 93 டிகிரியைத் தாண்டினாலும் அதே தீர்ப்புதான்.

விரிசல் சந்தேகம் வந்தால் டை பெனிட்ரன்ட் ஸ்பிரே வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று டப்பா வரும். இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊற விட்டு, துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எந்தப் பேச்சுக்கும் இடம் இல்லை. வெல்டிங் வைக்காதீர்கள். ஃபோர்க் சூட்டுப் பதம் ஏற்றிய எஃகு, தெருமுனை வெல்டர் வைக்கும் சூட்டில் அந்தப் பதம் போய்விடும், வெளியே பார்க்க அழகாக இருக்கும், பக்கத்திலேயே உடையும். வளைந்ததைச் சூடு காட்டி அடித்து நிமிர்த்துவதும் இதே கதைதான். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

செயினும் மாஸ்ட்டும்

லிஃப்ட் செயின் ரப்பர் மாதிரி நீளுவதில்லை, உள்ளே இருக்கும் பின்கள் தேய்ந்து, அந்தத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. 3 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும், சில கம்பெனிகள் 2 சதவீதத்திலேயே மாற்றச் சொல்கின்றன, உங்கள் வண்டிப் புத்தகத்தில் எது இருக்கிறதோ அது. அளப்பது சுலபம். செயின் விறைப்பாக இருக்கும் நிலையில், ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கி இருபது பிட்ச்சை (பிட்ச் என்பது அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையிலான தூரம்) அளங்கள். 15.875 மி.மீ. பிட்ச் செயின் என்றால் புதிதில் 317.5 மி.மீ. இருக்கும், 327 ஆனால் முடிந்தது. எப்போதும் மாஸ்ட்டில் இருக்கும் கப்பிச் சக்கரத்தின் மேல் ஏறி இறங்கும் பகுதியில் அளக்க வேண்டும், முனையில் சும்மா தொங்கும் பகுதி என்றைக்கும் புதிதாகத்தான் காட்டும்.

துரு, திரும்பிப்போன பின்கள், வெடித்த தகடு, மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணி, இதில் எது இருந்தாலும் நீளம் சரியாக இருந்தாலும் போய்விட வேண்டியதுதான். இரண்டு செயினையும் சேர்த்து, முனையில் பிடிக்கும் ஆங்கர் பின்னையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு கண்ணியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

செயினுக்கு எண்ணெய் விடுவதிலும் ஒரு தப்பு நடக்கிறது. கிரீஸை அப்பி வைப்பார்கள், அது மேலேயே உட்கார்ந்துகொண்டு தூசியைப் பிடிக்கும், உள்ளே பின்கள் இருக்கும் இடத்துக்கு இறங்காது. இன்னும் சிலர் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைப் பெயிண்ட் பிரஷ்ஷால் பூசுவார்கள், அதில் உலோகத்தூளும் கரியும் இருக்கிறது, செயினுக்கு உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி. புது என்ஜின் ஆயில் கொஞ்சம் எடுத்து, செயினைத் துடைத்த பிறகு, உள்ளே இறங்கும்படி விடுங்கள். கிரீஸ் போக வேண்டியது மாஸ்ட் சேனல்களுக்கும், டில்ட் சிலிண்டர் பின்னுக்கும், ஸ்டியரிங் ஆக்ஸிலின் கிங் பின்னுக்கும். கிரீஸ் கன் அடிக்கும்போது பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். பிதுங்கவில்லை என்றால் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) அடைத்திருக்கிறது, அடித்துவிட்டோம் என்று எழுதிவிட்டுப் போனால் அந்த புஷ் கடைசிவரை வறண்டே கிடக்கும்.

ஹைட்ராலிக்

ஆயில் மட்டத்தை ஃபோர்க் தரையில் இருக்கும்போது, மாஸ்ட் நேராக இருக்கும்போது பாருங்கள். மேலே தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் ஆயில் எல்லாம் சிலிண்டருக்குள் இருக்கும், டேங்க்கில் குறைவாகக் காட்டும், நீங்கள் ஊற்றுவீர்கள், மாஸ்ட் இறங்கியதும் பிரீதர் (டேங்க்கின் காற்றுத் துவாரம்) வழியாகப் பொங்கி வழியும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் எங்கோ காற்றை இழுக்கிறது. எந்த கிரேடு என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும், 46-ஆ 68-ஆ என்று பார்த்து அதையே போடுங்கள், இருக்கிற டப்பாவில் மிச்சம் இருப்பதை எல்லாம் கலக்காதீர்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் பத்தாது. ஹோஸில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்குத் தெரியாத ஊசி, தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் நேராக ஆஸ்பத்திரி, அங்கே "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

சீல் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வண்டி கொஞ்ச நேரம் ஓடி ஆயில் சூடான பிறகு, பிளேட்டில் உள்ள முழு எடையை ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, சாக்பீஸால் மாஸ்ட்டில் கோடு போட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். யாரும் பக்கத்தில் போகக் கூடாது. 100 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலையோ வால்வையோ பார்க்க வேண்டும்.

லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்றால் முதலில் ஆயில் மட்டம், பிறகு ஃபில்டர், பிறகு பம்ப். ரிலீஃப் வால்வு ஸ்குரூவைத் திருகாதீர்கள். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணினா தூக்கும் சார்" என்று ஒரு மெக்கானிக் எப்போதும் இருப்பார். தூக்கும்தான். அந்த வால்வு இருப்பதே தாங்க முடியாததைத் தூக்காமல் இருப்பதற்குத்தான். அதைத் திருகிய வண்டியில் அடுத்து ஹோஸ் வெடிக்கும், அல்லது பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

பின் சக்கரம் என்றதும் ஞாபகம் வருகிறது. எடை அதிகமாகி வண்டி முன்பக்கம் கவிழப் பார்க்கும்போது நான்கு பேர் ஏறி கவுன்டர்வெயிட் (சரக்குக்குச் சமன் செய்யப் பின்பக்கம் வைத்த எடை) மேல் நின்றுகொண்டு ஓட்டுவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஸ்டியரிங் பின் சக்கரத்தில் இருக்கிறது. அது லேசானால் வண்டி திரும்பாது. பிளேட்டில் இருக்கும் 3000 கிலோ என்பது பொதுவாக ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதியிலிருந்து 500 மி.மீ. தூரத்தில் எடையின் நடு இருந்தால்தான். நீளமான பெட்டியைத் தூக்கினால் நடு தள்ளிப்போகும், அப்போது மூன்று டன் என்பது இரண்டரையோ இரண்டோ ஆகிவிடும். பராமரிப்புக் கட்டுரையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், செயின் நீண்டு, ஆக்ஸில் பேரிங் போய், டயர் பிளந்து என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்குமேல் இந்த மாதிரி ஓட்டிய வண்டிகள்தான்.

பேட்டரி

பேட்டரி வண்டியில் பேட்டரிதான் விலை. லெட் ஆசிட் பேட்டரியை ஒழுங்காகப் பார்த்தால் சுமார் 1500 சார்ஜ், அதாவது ஒரு ஷிஃப்ட் ஓடும் இடத்தில் ஐந்து வருடம் வரும். பார்க்காவிட்டால் இரண்டு வருடத்தில் "பேக்கப் நிக்கல சார்" என்று ஆரம்பிக்கும்.

அடிப்படைக் கணக்கு எட்டு, எட்டு, எட்டு. எட்டு மணி நேரம் ஓட்டம், எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆற விடுவது. 20 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். டீ டைமில் கால் மணி, சாப்பாட்டு நேரத்தில் அரை மணி என்று இடையிடையே செருகாதீர்கள், ஒவ்வொரு செருகலும் ஆயுசுக் கணக்கில் ஏறும். செருகினால் முழுதாக ஏற விடுங்கள். லித்தியம் பேட்டரி வண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதை இடைவேளையில் சார்ஜ் போடலாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம், அதற்கென்று கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகத் தப்பு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் இல்லை. சார்ஜ் ஏறும்போது ஆசிட் விரிந்து மேலே வரும், முன்னாலேயே நிரப்பினால் பொங்கி வழியும். நான் சேர்ந்த புதிதில் ஒரு பையன் மாலையில் எல்லாச் செல்லையும் விளிம்புவரை நிரப்பிவிட்டு நல்ல பிள்ளையாகச் சார்ஜ் போட்டுவிட்டுப் போனான். காலையில் ஆசிட் ட்ரே முழுக்க வழிந்து, அடியில் இருந்த இரும்பைத் தின்று, தரை சிமென்ட் நுரைத்துக் கிடந்தது. அவனைத் திட்டிப் பயன் இல்லை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தகடு வெளியே தெரியும் அளவுக்கு வறண்டிருந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் தகடு முங்கும் அளவு ஊற்றலாம், மிச்சத்தைப் பிறகு. வாரம் ஒரு முறை பார்த்தால் சரியாக இருக்கும், ஏப்ரல் மே மாதங்களில் தகரக் கூரைக் குடோனில் வாரம் இரண்டு முறை.

48 வோல்ட் பேட்டரியில் 24 செல். ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து மாதம் ஒரு தடவை 24-ஐயும் அளந்து எழுதுங்கள். முழுச் சார்ஜில் பெரும்பாலான டிராக்ஷன் பேட்டரிகளில் 1.280 பக்கம் நிற்கும், உங்கள் பேட்டரியின் சரியான எண் அதன் புத்தகத்தில் இருக்கும். எல்லாம் 1.270, 1.280 என்று வரும்போது ஒன்று மட்டும் 1.230 என்றால் அந்தச் செல்தான் பிரச்சினை, மொத்தப் பேட்டரியையும் மாற்றச் சொல்லும் ஆளிடம் இந்த நோட்டைக் காட்டுங்கள். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை வசதி, ஈக்வலைசிங் சார்ஜ் போட்டால் செல்கள் ஒரே மட்டத்துக்கு வரும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் வாயு. பேட்டரி மூடியைத் திறந்து வையுங்கள், செல் மூடிகளை மூடி வையுங்கள், சார்ஜிங் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் கூடாது. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி கழற்றிவிட்டுத்தான் வேலை. ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தவர்கள் அதன் பிறகு பேட்டரி மேல் எதையும் வைக்க மாட்டார்கள். கனெக்டரைப் பிடுங்கும் முன் சார்ஜரை ஆஃப் செய்யுங்கள்.

ஒரு டப்பா ஆப்ப சோடா எப்போதும் அங்கே இருக்கட்டும். தரையில் சிந்திய ஆசிட் மேல் தூவி, நுரைப்பது நிற்கும்வரை விட்டுக் கழுவலாம். கண்ணிலோ தோலிலோ பட்டால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீர், 15 நிமிடம் விடாமல், பிறகு டாக்டர்.

இன்னொன்று, பேட்டரியை மாற்றும்போது எடை பார்த்து வாங்குங்கள். அதன் எடையும் கவுன்டர்வெயிட் கணக்கில் சேர்ந்தது. குறைந்த எடை பேட்டரி போட்டால் வண்டி முன்பக்கம் கவிழும் வாய்ப்பு கூடும், அனுமதிக்கும் குறைந்தபட்ச எடை வண்டியின் பிளேட்டிலேயே எழுதியிருக்கும்.

டீசல் வண்டி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, லாரி மெக்கானிக்குத் தெரிந்த வேலைதான். என்ஜின் ஆயில் பொதுவாக 250 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், மழைக்காலத்தில் வாட்டர் செப்பரேட்டரை வடிப்பது. ரேடியேட்டரில்தான் கவனம் வேண்டும். பஞ்சு பேல் வைக்கும் குடோனிலும் பேப்பர் ரோல் குடோனிலும் அது ஒரே வாரத்தில் மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும், வண்டி சூடாகும், கூலன்ட்டைக் குற்றம் சொல்வார்கள். காற்று போகும் திசைக்கு எதிராக ஊதுங்கள், தகடுகள் மடங்காத அளவு அழுத்தத்தில். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். மூடிய குடோனுக்குள் டீசல் வண்டி ஓடினால் ஷட்டர்கள் திறந்திருக்கட்டும், தலைவலி என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தால் அது வெயில் இல்லை, புகை.

டயர், பிரேக்

சாலிட் டயரில் பக்கவாட்டில் தேய்மானக் கோடு ஒன்று இருக்கும், ரப்பர் அந்தக் கோடுவரை வந்தால் மாற்றுங்கள். முன் டயர் இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் மாஸ்ட் சாய்ந்து நிற்கும், ஆறு மீட்டர் உயரத்தில் அந்தச் சாய்வு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு சீலைக் கிழிக்கும், வாரம் ஒரு தடவை கத்தியோடு அடியில் பாருங்கள்.

காற்று டயர் வைத்த வண்டிகளில் ரிம் இரண்டு பாகமாக வரும். அதில் இரண்டு வகை நட்டு. ஒன்று சக்கரத்தை வண்டியோடு பிடிப்பது, இன்னொன்று ரிம்மின் இரண்டு பாகத்தைச் சேர்த்துப் பிடிப்பது. காற்று இருக்கும்போது இரண்டாவது நட்டைத் தளர்த்தினால் ரிம் குண்டு மாதிரி பிரிந்து முகத்தில் அடிக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக விட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பஞ்சர் கடைக்கு அனுப்பினாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறக்கும் முன் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சில வண்டிகளுக்கு டாட் 3, சில வண்டிகளுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் பிரேக் போய்விடும்.

வாயை அடைத்த பஸ்ஸர்கள்

மாதம் ஒரு நாள் சொல்லாமல் போய் எல்லா வண்டியையும் பாருங்கள். ரிவர்ஸ் பஸ்ஸருக்குள் துணி அடைத்திருக்கும். சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி அதன் மேல் உட்கார்ந்திருப்பார்கள். சீட் ஸ்விட்ச்சைக் கேபிள் டையால் கட்டியிருப்பார்கள், ஆள் இறங்கினாலும் லிஃப்ட் வேலை செய்யும்படி. கத்தினால் மறுநாளே திரும்ப வரும். ஏன் செய்தான் என்று கேளுங்கள். ஒரு இடத்தில் பஸ்ஸர் சத்தம் மூடிய குடோனில் காதைக் கிழித்தது, சத்தம் குறைந்த பஸ்ஸரும் தரையில் நீல வெளிச்சம் அடிக்கும் விளக்கும் போட்ட பிறகு யாரும் துணி அடைக்கவில்லை. இன்னொரு இடத்தில் சீட் ஸ்விட்ச்சே பழுது, குலுங்கினால் வண்டி நின்றது, மூன்று முறை சொல்லியும் மாற்றித் தராததால் கட்டிவிட்டான். அதில் தப்பு அவன் மேல் பாதிதான்.

சர்வீஸ் நாள்

தேதியை வைத்துச் சர்வீஸ் செய்யாதீர்கள், ஹவர் மீட்டரை வைத்துச் செய்யுங்கள். தீபாவளி நேரத்தில் ஒரு மாதத்தில் ஓடும் மணி, ஜூன் பக்கம் ஓட இரண்டரை மாதம் ஆகும். 250, 500, 1000, 2000 என்று படிப்படியாக என்ன வேலை என்பது புத்தகத்தில் இருக்கும், ஹைட்ராலிக் ஆயில் மாற்றுவது பெரும்பாலும் 2000-இல் வரும். தூசி, உப்புக்காற்று, குளிர்பதனக் கிடங்கு என்றால் இடைவெளியைக் குறையுங்கள். எண்ணூர், மணலி பக்கத்து வண்டிகளின் செயின் துருப்பிடிக்கும் வேகம் ஒசூர் வண்டிக்கு இருக்காது.

மாஸ்ட்டைத் தூக்கி வைத்து அடியில் வேலை பார்ப்பதானால் ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள், உள் மாஸ்ட்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, செயின் போட்டுக் கட்டி, சாவியை எடுத்து வேலை செய்பவர் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி வண்டியில் கனெக்டரையும் பிடுங்க வேண்டும். ஸ்டியரிங்கில் "வேலை நடக்கிறது, தொடாதே" என்று ஒரு அட்டை. ஓவர்ஹெட் கார்டில் ஃபேன் மாட்டவோ வாட்டர் பாட்டில் கூடை வைக்கவோ ஓட்டை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள், மேலே இருந்து பாலெட் விழுந்தால் தாங்க வேண்டியது அதுதான்.

கழுவும்போது பிரஷர் வாட்டரை கன்ட்ரோலர், மோட்டார், பேரிங் மேல் நேராக அடிக்காதீர்கள். கழுவி முடித்ததும் செயினுக்கு ஆயில், நிப்பிளுக்கு கிரீஸ். இதை ஆயுத பூஜைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பூஜை முடிந்த மறுநாள் துருவேறிய செயினை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாலையையும் வாழைக்கன்றையும் அவிழ்த்த பிறகுதான் வண்டி ஓட வேண்டும், நாரும் பூவும் மாஸ்ட் ரோலருக்குள் போனால் எடுக்க அரை நாள்.

வருடத்துக்கு ஒரு முறை வெளியாள் பரிசோதனை தனி. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரங்களையும் செயின்களையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வைத்தது. சட்டப் புத்தகம் மாறினாலும் அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். அவர் வரும் நாளில் வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பதோடு அந்த 24 செல் நோட்டையும் செயின் அளவு எழுதிய தாளையும் மேஜை மேல் வையுங்கள். ஃபோர்க்கை எங்கே அளந்தீர்கள் என்று அவர் கேட்டால் ஆபரேட்டரையே கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் ஹீலைக் காட்டுபவன், அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்த அதே ஹெல்பர் பையன்தான், இப்போது அவன் லைசென்ஸ் எடுத்து ரீச் டிரக் ஓட்டுகிறான்.